விடுகைப் பத்திரம் கேட்டு எழுதாதீர்கள்

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, தரம் 4. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அரசாங்கப் பாடசாலையில் படிக்கிறாள். முதலாம் வகைச் சீனி வருத்தம். இடைவேளைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். ஊசியை உள்ளே விட முடியாது என்கிறார் அதிபர். "எது நடந்தாலும் பாடசாலை பொறுப்பில்லை" என்று எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் விடுகைப் பத்திரம் எடுக்கலாமாம். என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் கையொப்பம் வைக்காதீர்கள். நீங்களே கேட்டு விடுகைப் பத்திரம் வாங்கிவிட்டால், பாடசாலைதான் வெளியேற்றியது என்று பிறகு காட்டுவது பெரும்பாடு. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமான நாட்டில் இப்படி வாயால் சொல்வது சுலபம். எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், தொனி மாறும்.

அதிபரின் பயம் விளங்குகிறது. ஆனால் வருத்தம் தெரிந்தும் கவனிக்காமல் விட்டால்தான் கவனயீன வழக்கு வரும். தாயின் கையொப்பம் அந்தக் கடமையைத் துடைத்துவிடாது. அதற்குப் பதிலாக கிளினிக் டொக்டரிடம் விபரமான கடிதம் வாங்குங்கள். "விசேட கவனம் தேவை" என்ற ஒருவரிக் கடிதத்தால் பிரயோசனமில்லை. எத்தனை மணிக்குச் சோதனை, எத்தனை அலகு இன்சுலின், ஊசியைப் பிள்ளையே போடுவாளா அல்லது நீங்கள் வந்து போடுவீர்களா. சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் உடனே குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நடுக்கம், வியர்வை கண்டால் பிள்ளையைத் தனியே எங்கும் அனுப்பக் கூடாது. மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பு. இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஆசிரியர்தான் ஊசி போட வேண்டும் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள், அந்தச் சண்டையில் தவணையே போய்விடும்.

இதை உங்கள் கோரிக்கையுடன் பதிவுத் தபாலில் அதிபருக்கு அனுப்பி, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். அரசாங்கப் பாடசாலை அதிபரின் முடிவு நிர்வாகச் செயல். அது இலங்கை அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறுகிறது என்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர்நீதிமன்றம் போகலாம், ஆனால் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள். வலயத்துக்கு நடந்து நடந்தே பலர் இந்த மாதத்தைத் தொலைக்கிறார்கள். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பாமல், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். 2016இல் எச்.ஐ.வி. வதந்தியால் பாடசாலை மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் விடயமும் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போனது. தனியார் பாடசாலையாக இருந்திருந்தால் இந்த வழி லேசில் திறந்திருக்காது.

அங்கவீனர் உரிமைச் சட்டத்தை முன்னால் வைக்க வேண்டாம். அதன் 23ஆம் பிரிவு பாடசாலை அனுமதியைப் பற்றியது. உங்கள் மகள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறாள்.

அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் மண்டபத்துக்குள் கொண்டுபோக, விண்ணப்பிக்கும்போதே அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் எழுதிக் கேளுங்கள். அன்று காலை வாசலில் நின்று கேட்டால், மேற்பார்வையாளர் தன் பொறுப்பில் விடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.