எது சோம்பேறி ஊர்?

கேள்வி: டிசம்பர் கடைசியில் அருணாசலப் பிரதேசத்து ரோயிங்குக்கும், குஜராத்தின் துவாரகைக்கும் போய் வந்தேன். ரோயிங்கில் மாலை ஐந்து மணிக்கே தெரு அடங்கிவிடுகிறது. துவாரகையிலோ காலை ஏழாகியும் யாரும் எழுந்த பாடில்லை. இரண்டில் எது சோம்பேறி ஊர்? நேர வித்தியாசம்தான் காரணமா?

பதில்: கடிகாரத்தில் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. சூரியன் கணக்கில் ஒன்றே முக்கால் மணிக்கும் மேல். சரி, அது கிடக்கட்டும், 'சோம்பேறி' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த நாட்களில் ரோயிங்கில் 4.15 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், துவாரகையில் 6.15 ஆகும். காலையில் ரோயிங்கில் ஆறுக்கு முன்பே வெயில், துவாரகையில் ஏழரைக்குத்தான். ஆக நீங்கள் ரோயிங்கில் பார்த்தது இரவை, துவாரகையில் பார்த்தது இன்னும் விடியாத காலையை. அந்த இருட்டிலும் 6.30 மணி மங்கள ஆரத்திக்குத் துவாரகாதீசர் கோயிலில் கூட்டம் நிற்குமே, அந்தப் பக்கம் போகவில்லையா?

ரோயிங்கில் இடு மிஷ்மிப் பழங்குடிப் பெண்கள் தறியை இடுப்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து நெய்வார்கள். கறுப்பு நூலுக்கு நடுவே வண்ண இழையை எண்ணி எண்ணி எடுக்க வேண்டும், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். ஜூனில் அங்கே நாலேகாலுக்குள் வெயில் வந்துவிடுகிறது. அப்புறம் அலுவலகம் திறக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிச் சண்டை வாங்கியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர்ப் பக்கமாகப் போகிற 82.5 டிகிரித் தீர்க்கரேகை ஒன்றை வைத்து நாடு முழுக்க ஒரே நேரம் என்று 1906 முதல் காலம் தள்ளுகிறோம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் நேரம்' என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக்கு முடிந்தது ஊருக்கு முடியாதா? ரயில்கள் மோதிக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள். 2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள் அதற்கும் பதில் சொல்லிவிட்டார்கள்: நாடு குறுகலாகிற மேற்கு வங்கத்து அலிப்பூர்துவார் பக்கம் இரண்டு நேரங்களுக்கும் எல்லையை வைத்தால், ரயில்கள் நேரம் மாற்ற வேண்டிய இடம் ஓரிரண்டுதான். அதற்குப் பிறகும் என்ன தயக்கம்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று. ருக்மிணி தங்கள் வீட்டுப் பெண் என்பார்கள் இடு மிஷ்மிகள். ரோயிங்குக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கிற பீஷ்மக் நகர்க் கோட்டைதான் அவளுடைய அப்பாவின் ஊராம். அப்படியானால் நீங்கள் போய் வந்த இரண்டும் சம்பந்தி ஊர்கள். தேரில் போன ருக்மிணிக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது. மேற்கே போகப் போக விடியலும் நாளுக்கு நாள் கூடவே தள்ளிப் போயிருக்கும், துவாரகைச் சேவல் கூவும்போதுதான் அவளுக்கும் விழிப்பு வந்திருக்கும். அவளுடைய பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் இன்று நாம் மிர்சாப்பூர்ச் சூரியனை வைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.