ஆற்றங்கரையில் ஒரு சுருட்டு

அன்புள்ள ஐயா,

உங்கள் தோட்டத்து நினைவுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என்னிடம் 2006இல் பதிவான சுசூக்கி ஜிம்னி ஒன்று இருக்கிறது. முந்தைய உரிமையாளர் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்த சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், இந்த ஆண்டோடு முடிகிறது. மறுபடியும் புதுப்பிப்பது பைத்தியக்காரத்தனம் என்கிறார் என் மனைவி. புதுப்பித்தால் வண்டியின் உடலை 3 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட், 235/75 டயர், கூரையில் எல்இடி விளக்குப் பட்டை ஆகியவற்றைப் பொருத்த எண்ணம். மூன்று மாதங்களுக்கு முன் நண்பர்களோடு ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம் போனபோது ஓர் ஆற்றில் தண்ணீர் கதவு வரை வந்துவிட்டது; வண்டி சற்றும் தயங்காமல் கரையேறியது. அந்த மகிழ்ச்சியில் பிறந்த ஆசை இது. காட்டுப்பாதையே இல்லாத சிங்கப்பூரில் இப்படியொரு வண்டியை வைத்திருப்பதில் பொருள் உண்டா?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு திருகாணி கிடந்தது. சென்ற மாதம் ஜொகூரின் குளுவாங்கில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆணி போட்டு வைத்திருந்த பழைய மைலோ டப்பாவிலிருந்து அண்ணன் அதை எடுத்து, இது எதற்கென்றே தெரியவில்லை, குப்பையில் போட்டுவிடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்று சொல்லி வாங்கி வந்தேன். அதைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஜிம்னி ஆற்றில் இறங்கிய செய்தி வந்தது.

சிஓஇயைப் புதுப்பிப்பது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இடையிலான விவகாரம். அதில் தலையிட்டு மூக்கறுபட எனக்கு விருப்பமில்லை. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குமேல் நீட்டிக்க வழியில்லை, 10 ஆண்டுக்குப் புதுப்பித்தால் வழி உண்டு என்பதும், 14 ஆண்டைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு என்பதும், ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் உண்டா என்ற கேள்விக்கும் என்னிடம் பெரிய பதில் இல்லை. அஞ்சல்தலை சேர்ப்பவரிடம், இவற்றை ஒட்டி யாருக்குக் கடிதம் எழுதப் போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. விளக்குப் பட்டையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

டயரைப் பற்றி மட்டும் ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு உரிய 205/70 அளவில் 15 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். நீங்கள் ஆசைப்படுவது 733 மில்லிமீட்டர். இதனால் இரு சக்கரங்களையும் இணைக்கும் இரும்பு ஆக்ஸில் உயர்வது அந்த வேறுபாட்டில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டருக்குள். லிஃப்ட் கிட் உயர்த்துவதோ உடலைத்தான். ஆக்ஸிலும், அதன் நடுவில் குடம்போல் உப்பியிருக்கும் பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். மேட்டில் முட்டாமல் ஏறும் கோணம் கூடுமென்பது உண்மை. ஆனால் அதற்கு ஈடாக, பெரிய டயரைச் சுழற்ற 1,328 சிசி எஞ்சின் ஒரு கியரை இழந்ததுபோல் மூச்சு வாங்கும். வேகமானி 90 காட்டும்போது வண்டி 99இல் ஓடும். உடல் உயர்ந்ததால் முன் ஆக்ஸிலின் சாய்வான காஸ்டர் கோணம் கெட்டு, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரத் தயங்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு பாகம் வாங்குவீர்கள்.

இவற்றைக்கூட மன்னித்துவிடலாம், தம்பி. மன்னிக்க முடியாதது வேறு. தண்ணீர் கதவு வரை வந்ததை எழுதினீர்கள், கரையேறிய மகிழ்ச்சியை எழுதினீர்கள். ஆனால் இந்த மூன்று மாதங்களில் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்த்ததாக ஒரு சொல்கூட எழுதவில்லை. பார்த்திருந்தால் அதை எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

என் பெரியப்பா குளுவாங் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரையின் டிரைவராக இருந்தார். எழுபதுகளில் பள்ளி விடுமுறை வந்ததும் தஞ்சோங் பகாரில் என்னை ரயிலேற்றி அவரிடம் அனுப்பிவிடுவார்கள். அவர் ஓட்டியது லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ. லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டமான சேஸி எஃகு. பெரியப்பாவுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் உடம்பு துருப்பிடிக்காது, எலும்பு துருப்பிடிக்கும் என்று அவர் சொல்வார். வண்டி கழுவும்போது அடியில் குழாயைச் செருகிச் சேஸியைக் கழுவி முடித்த பிறகே மேலே துணியைப் போடுவார்.

தோட்டத்தின் ஒரு டிவிஷனுக்கு, அதாவது ஒரு பிரிவுக்கு, போகும் செம்மண் பாதையில் பாலமில்லாத ஓர் ஆறு குறுக்கிட்டது. டிசம்பர் மழையில் அதில் தொடையளவு தண்ணீர் ஓடும். பெரியப்பா கரையில் வண்டியை நிறுத்துவார். இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுக்கூட்டிலும் பிறகு டிஃபரன்ஷியலிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு இருந்தால் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். சுருட்டு புகைகிற நேரத்தில் வேலையும் நடக்கும்: விசிறி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றுவார், கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய் வடிவதற்கென்று திறந்தே விட்டிருக்கும் துளையை ஒரு திருகாணியால் அடைப்பார். என் மேசையில் இருப்பது அந்தத் திருகாணிதான்.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு தோட்டத்து ஆட்கள் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நாள், தண்ணீரைப் பார்த்தால் பயமா பெரியப்பா என்று கேட்டுவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா கோபப்படவில்லை.

“சூடா இருக்கறவன தண்ணியில எறக்குனா குடிச்சிருவான்டா” என்றார்.

அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஓடிச் சூடேறிய ஆக்ஸிலுக்குள் எண்ணெயோடு காற்றும் இருக்கிறது. அது திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். காற்றை உள்ளே விடுவதற்கென்றே மேலே பிரீதர் என்ற சின்ன வழி வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைத்திருந்தாலோ, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, நீர் அதன் வழியாகவோ ஆயில் சீலின் விளிம்பு வழியாகவோ உள்ளே போய்விடும். அந்தச் சீல் எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆற்றைத் தடுப்பதற்காக அல்ல. உள்ளே போன தண்ணீர் பல்சக்கரங்களால் கடையப்பட்டு, எண்ணெயைத் தே தாரிக் என்ற பால் தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். வண்டி அன்றைக்கே நிற்காது என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். வாரம் முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும்போது பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கும்.

இவ்வளவு பேசும் நானே இதை மறந்தவன். தொண்ணூறுகளில் உங்கள் ஜிம்னியின் முன்னோடியான ஒரு பழைய சுசூக்கி எஸ்ஜே410 வைத்திருந்தேன். மெர்சிங் பக்கம் நண்பர்கள் முந்திக்கொண்டு போன அவசரத்தில், நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூடு ஆறுவதற்குள் நானும் ஓடையில் இறங்கினேன். இரண்டு மாதம் கழித்துத் தீவு விரைவுச்சாலையில் பின் ஆக்ஸில் முனகத் தொடங்கியது. சின் மிங் பட்டறையில் அடைப்பானைத் திறந்ததும் வழிந்ததைப் பார்த்து, அந்த மெக்கானிக் என்னிடம் சீனி போதுமா என்று கேட்டார். பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் மூன்று அங்குல ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, முன்னும் பின்னும் ஆக்ஸில்களின் பிரீதர் எங்கே இருக்கிறது, அதில் மாட்டிய குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். அதை எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயால் நீட்டி, பானட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டிவிடலாம். சில பத்து வெள்ளிகூட ஆகாது. வண்டியில் மாற்றம் என்று ஒன்றைச் செய்யத்தான் வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், படம் எடுத்துப் போட்டாலும் விருப்பக்குறி விழாது. முன்சக்கரங்கள் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றுநீர் அதிலுள்ள கிரீஸைக் கெடுத்துவிட்டால், ஜிம்னிக்காரர்கள் ஓயாமல் புலம்பும் ஸ்டீயரிங் நடுக்கம் உங்களுக்கும் வரும்.

எண்ணெயைத் திறந்து பார்ப்பதை உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வைத்துச் செய்யாதீர்கள். பட்டறையில் முந்தைய இரவே வண்டியை விட்டுவிட்டு, விடியற்காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன் திறக்கச் சொல்லுங்கள். பிரிந்து நிற்கும் தண்ணீர் அதற்குள் அடியில் தங்கியிருக்கும். எண்ணெய் ஊற்றும் மேல் அடைப்பானை முதலில் கழற்ற வேண்டும், வடிக்கும் கீழ் அடைப்பானைப் பிறகுதான். மேலே உள்ளது இறுகிப்போய்த் திறக்க வராவிட்டால், வடித்த வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். நீங்களும் அடியில் குனிந்து பக்கத்திலேயே நில்லுங்கள். மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுத வேண்டாம். முதலில் விழுந்தது என்ன நிறம் என்று உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். சிஓஇயைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.