மகனுக்கு நிறக்குருடு; பைலட் ஆசை என்னாவது?

வணக்கம் அம்மா. கண் டாக்டர் சிவப்பு-பச்சை நிறக்குருடு என்று சொன்ன நாளிலிருந்து “என்னாலதானே வந்துச்சு” என்று நீங்கள் அழுவதாக உங்கள் மகனே சொன்னான். முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பையனுக்கு அப்பா தருவது ஒய். அவனுடைய ஒரே எக்ஸ் அம்மா தந்தது. உங்கள் அப்பாவுக்கும் இதே குறை என்றீர்களே, அவரிடம் இருந்ததும் ஒரே எக்ஸ். மகளுக்கு அதைத் தவிர வேறெதைத் தருவார்? ஆக, நீங்கள் பிறக்கும்போதே கடத்தி, அதாவது குறை தனக்கு வெளிப்படாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர். இன்னொரு எக்ஸ் சரியாக இருப்பதால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டில் எது மகனுக்குப் போகும் என்பது காசு சுண்டுகிற கதைதான். கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதற்கும் பார்த்ததற்கும் இதில் பங்கே இல்லை. சின்னவளுக்கு அப்பாவின் நல்ல எக்ஸ் இருக்கிறது, பயம் வேண்டாம். அவளும் கடத்தியாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே இந்தக் குறை இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றியே கட்டுரை வாசித்தார் மனிதர்!

இனி வேலை. என் மேஜையில் ஒரு வரைபடத்தைக் காட்டினேன், சிவப்பில் ஒரு கோடு, பச்சையில் ஒரு கோடு. நிறத்தைக் கேட்காமல், “மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா சார்?” என்றான். வருடக்கணக்காக இப்படித்தான் சமாளித்திருக்கிறான். கணக்கு, சட்டம், மென்பொருள், நிதி எதற்கும் இது போதும். மின்னணுவியல் என்றால் ரெசிஸ்டரின் (மின்தடை) அளவைச் சொல்லும் நிறப்பட்டைகள் படுத்தும், ஆனால் அதை அளந்து காட்ட மல்டிமீட்டர் இருக்கிறது. சாயத் தொழிலை மட்டும் நான் சொல்லமாட்டேன்.

விமானி, ரயில் ஓட்டுநர், கடற்படை போன்ற இடங்களில் விதி கறார். எண்கள் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புள்ளிப்படங்கள் முதல் வடிகட்டல்தான். குறையின் வகையும் அளவும் அனோமலோஸ்கோப் என்ற, நிற ஒளிகளைக் கலந்து பொருத்தச் சொல்லும் கருவியில் தெரியும். சில நாடுகளில் நிற விளக்குகளைக் காட்டி நிறம் கேட்கும் விளக்குச் சோதனையில் தேறினால் உரிமத்துக்கு வழியுண்டு. அவன் சேர நினைக்கும் இடத்தின் மருத்துவத் தகுதி விதியை எழுத்தில் வாங்குங்கள். முழு ரிப்போர்ட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவரை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.