2021ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டால் நீர்ச் சேமிப்பு மிகையாகத் தெரியும்

சிங்கப்பூரின் வீட்டு நீர்ப் பயன்பாடு பற்றிய உங்கள் முன்கணிப்பைப் பார்த்தேன். மூன்று டிக் (நீர்ச் சிக்கன முத்திரையில் மூன்று குறிகள்) பெற்ற குழாய்களாலும் கழிவறைத் தொட்டிகளாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 லிட்டர் மிச்சமானதாக அதில் கணக்கு வருவதற்கு, 2021ஐ அடிப்படை ஆண்டாக வைத்ததே காரணம்.

கிருமிப் பரவலால் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவ்வாண்டில் வீட்டுப் பயன்பாடு 158 லிட்டராக உயர்ந்திருந்தது. 2023இல் அது 141க்கு இறங்கியது உண்மைதான், ஆனால் 2019இலும் அதே 141தானே? குறைந்ததில் பெரும்பகுதி சேமிப்பன்று, அலுவலகத்துக்கே திரும்பிய பயன்பாடு என்றே நினைக்கிறேன்.

சரிபார்க்க, ஒரே வட்டாரத்தில் சாதனம் மாற்றிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளையும் மாற்றாதவற்றையும் அதே மாதங்களின் மீட்டர் அளவுகளைக் கொண்டு ஒப்பிடுங்கள்; மாற்றாத வீடுகளிலும் குறைந்திருக்கும் அளவைக் கழித்தபின் எஞ்சும் வேறுபாட்டை மட்டுமே முன்கணிப்பில் சேருங்கள்.

அதற்காக அடிப்படை ஆண்டை 2016க்கு மாற்றிவிட வேண்டாம். 2017, 2018 ஜூலை மாதங்களில் இரு கட்டங்களாக வந்த 30 விழுக்காட்டு நீர்க் கட்டண உயர்வின் விளைவும் அதில் கலந்துவிடும்.