'டங்' சத்தம்: கிரவுனைக் கழற்றும் முன்

கேள்வி: என்னிடம் 1999 மாடல் ஜிப்ஸி இருக்கிறது. மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. இப்போது ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தாலும், ரிவர்ஸ் போட்டாலும் அடியில் 'டங்' என்று சத்தம். மெக்கானிக், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின்பக்க ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி ஆட்டம் காட்டினார். கிரவுன்-பினியன் மாற்ற வேண்டுமாம். மாற்றலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஷாஃப்ட்டைத் திருப்பினால் புது வண்டியிலேயே சற்று ஆடும். ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன், பினியன். அவற்றின் பற்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டி கியர்களிலும், ஆக்ஸில் நுனியில் உள்ள வரிப்பற்களிலும் (ஸ்ப்ளைன்) இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் ஏறத்தாழ நாலு சுற்று சுற்றுவதால், சக்கரத்தின் பக்கம் இருக்கிற சின்ன ஆட்டம் ஷாஃப்ட்டில் நாலு மடங்காகத் தெரியும். அதை மட்டும் பார்த்துக் கிரவுனைக் குறை சொல்ல முடியாது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் பழைய ஜீப்பில் இதே சத்தத்துக்கு, மூன்று சனிக்கிழமை புதுப்பேட்டையில் அலைந்து, கிரவுன்-பினியன் ஜோடி தேடி மாற்றினேன். வண்டியை எடுத்து கோயம்பேடு மேம்பாலம் ஏறினேன், அதே டங்! கடைசியில் பார்த்தால் பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டில் ஒரு நட்டு லூஸ். வீட்டம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி வேண்டாம். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டு, கியரில்தானே இருக்கிறது என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். தூக்கிய சக்கரம் சுற்ற டிஃபரன்ஷியல் இடம் கொடுத்துவிடும், வண்டி நகர்ந்துவிடும்.

நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஷாஃப்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பட்டும். நீங்கள் ஒவ்வொரு கிராஸிலும் (ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ மூட்டு) இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுக்கொண்டிருங்கள். ஒரு பக்கம் அசைந்த பிறகு மறுபக்கம் அசைந்தால் அந்தக் கிராஸ் போய்விட்டது. ஜிப்ஸியில் கியர்பாக்ஸ் தனி, சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. முன், பின், நடு என ஆக மொத்தம் மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ். அந்த நடுக் குட்டியைப் பலர் பார்ப்பதே இல்லை. கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் போய்த் துரு ஏறிவிட்டது என்று அர்த்தம். உங்கள் வண்டி தண்ணீரில் நின்றது என்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான்.

அப்புறம் டிஃபரன்ஷியல் முகப்பில் ஷாஃப்ட் மாட்டியிருக்கும் பிளேஞ்சை (வட்டத் தட்டு) பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுற்றில் கொஞ்சம் ஆடலாம். இப்படி ஆடவே கூடாது. ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே டங் வரும். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் என்று மாற்றிமாற்றிக் கிளட்சை லேசாக விட, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். கேஸ் எகிறுவது தெரியும்.

கடைசியாக டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள். ஆயிலில் இரும்புத் துண்டு கிடந்தாலோ, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஊளைச் சத்தம் மாறினாலோ, சரி, அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். கிராஸ் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றுவதானால் முதலில் பெயின்டால் அடையாளம் போடச் சொல்லுங்கள். இரண்டு முனையும் பழையபடி ஒரே நேரில் அமையாமல் மாட்டினால் வண்டி அதிரும்.

கேள்வி: ஈசிஆரில் ஃபோர் வீலில் போட்டு ஓட்டினால் பிடிப்பு கூடுமா?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழியில்லாமல் ஷாஃப்ட்டும் கிராஸும் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தானே விட்டுவிடும். ஏற்கெனவே போட்டு, லீவர் திரும்ப வர மறுக்கிறதா? நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போய்ப் பாருங்கள், வந்துவிடும்.