பள்ளி கேன்டீனில் சுண்டல் கேளுங்கள்

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் 40 ரூபாய் வாங்கிப் போய் கேன்டீனில் பஃப்ஸும் பாக்கெட் ஜூஸும் சாப்பிடுகிறாள். மதியச் சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வருகிறது. காசு தராவிட்டால் அழுகை. என்ன செய்வது?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரி, மகளைத் திட்டாதீர்கள். காலை ஏழரைக்கு வேன் ஏறுகிற பிள்ளைக்குப் பத்தரை மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். இடைவேளையோ பத்து நிமிடம். கூட்டாளிகளோடு நின்றபடியே சாப்பிட அங்கே கிடைப்பது பஃப்ஸ்தான்.

அந்தப் பஃப்ஸைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மைதா மாவில் வனஸ்பதியோ மார்கரினோ வைத்து, மடித்து மடித்துத் தேய்த்தால்தான் அந்த அடுக்கு வரும். உள்ளே ஒரு ஸ்பூன் மசாலா. சுற்றிக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறி அந்தப் பக்கம் தெரியும். அதோடு சர்க்கரைத் தண்ணீரும் குடித்துவிட்டால் மதியம் சோற்று டப்பாவைத் திறக்க எப்படி மனசு வரும்? இதற்கு மாதம் 22 நாள் என்றால் 880 ரூபாய்!

கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. ஆகவே, நீங்கள் பள்ளியிடம் கேட்பது சலுகை இல்லை.

தனியாகப் போக வேண்டாம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள். கேன்டீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் வாடகை எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். வாடகை ஏற ஏற, கெட்டுப்போகாத, லாபம் அதிகமுள்ள பாக்கெட்டைத்தான் கடைக்காரர் அடுக்குவார். வேறு வழியில்லை, அவரும் பிழைக்க வேண்டுமே. வாடகையைக் குறைத்து, சுண்டல், அவித்த கடலை, வாழைப்பழம், கொய்யா விற்கச் சொல்லுங்கள். தைப் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கும் வைக்கலாம். கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்றே வையுங்கள். ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. 100 கிராம் வீதம் இருபது கப் வரும். கப்புக்குக் கடலைச் செலவு ஐந்து ரூபாய். தாளிப்பு, கேஸ், கூலி சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குத் தாராளமாக விற்கலாம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறி சாம்பாரோடு சூடாகச் சாப்பிடுகிறார்கள், அதுவும் இலவசமாக. ஃபீஸ் கட்டுகிற பள்ளியில் ஒரு கப் சுண்டல் கிடைக்காதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

பள்ளி கண்டுகொள்ளாவிட்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

அதுவரை காசை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கொடுங்கள். மற்ற நாளில் இடைவேளைக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா. நல்லெண்ணெய் விட்டுப் பொடி தடவிய குட்டி இட்லி பத்து வைத்தால் கையை நனைக்காமல் ஸ்பூனில் சாப்பிட்டுவிடுவாள். கூட்டாளிகளுக்கும் சேர்த்து வையுங்கள், அப்போதுதான் டப்பா காலியாகும்.