வரலாற்றுச் சேனலில் வரலாறு எங்கே போனது?

கேள்வி: வரலாறு, இசை, கல்வி என்று ஒரே விஷயத்துக்காகத் தொடங்கிய டிவி சேனல்கள் சில வருடங்களில் ஏன் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகின்றன?

நான் தஞ்சாவூர்க்காரன், கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன். மாமனார் வீடு இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில். அந்த வீட்டில் புழங்குவது ஆங்கிலம். என்னிடம் மட்டும் மாமா தனக்குத் தெரிந்த தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்கப் படையில் லாரி ஓட்டியவர். அந்தப் படையில் அப்போது இந்தியர்களுக்கு லாரி ஓட்டுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது போன்ற வேலைகள்தான், கையில் துப்பாக்கி தருவதில்லை. 1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ரூக் ஜெர்மானியரிடம் விழுந்தபோது சுமார் 33,000 பேர் பிடிபட்டார்கள். அவரும் அதில் ஒருவர். உயிரோடு திரும்பினார், ஆனால் அதைப் பற்றி வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். சீருடையில் எடுத்த ஒரே ஒரு போட்டோ மட்டும் ஹாலில் இருக்கிறது.

மாமா வீட்டில் டிகோடர் (டிவி சேனல்களுக்கான செட்-டாப் பெட்டி) வைத்ததே, போர் ஆவணப்படங்கள் போடும் ஒரு சேனலுக்காக. பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் ஒரு லாரியாவது, ஒரு முகமாவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வருடங்கள் போகப் போக அந்த நேரத்தில் ஏலமும் பேரமும் வந்தன. "தம்பி, இதில சரித்திரம் எங்க?" என்று ஒருநாள் கேட்டார். அதன் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

முதலில் பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க கேபிள் சேனலுக்கு வருமானம் இரண்டு பக்கமிருந்து. கேபிள் நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை தரும். பேக்கேஜில் இருந்தால் போதும், அந்த வீட்டில் யாரும் பார்க்காவிட்டாலும் வரும். இன்னொன்று விளம்பரம். அதற்கு எத்தனை பேர், எந்த வயதினர் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். பேக்கேஜில் இடம் வாங்க 'வரலாறு', 'இசை' என்ற தனித்த பெயர் உதவுகிறது. இடம் கிடைத்த பிறகு விளம்பரத்தைப் பெருக்க அந்தப் பெயர் உதவுவதில்லை, இளைஞர் கூட்டம்தான் உதவுகிறது.

எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று முழுநேரப் பாட்டு சேனலாகத் தொடங்கியது. பாட்டு மூன்று, நான்கு நிமிடம். பிடிக்காத பாட்டு வந்தால் பார்ப்பவர் உடனே சேனலை மாற்றிவிடுவார். ஒரு வீட்டில் சில இளைஞர்களைத் தங்க வைத்துப் படம்பிடித்தால் அரை மணி நேரம் அசையாமல் பார்ப்பார்கள். அப்படி ஒரு ரியாலிட்டி ஷோவை 1992-இல் தொடங்கினார்கள். 2010-இல் லோகோவிலிருந்து 'மியூசிக் டெலிவிஷன்' என்ற சொற்களையே எடுத்துவிட்டார்கள்.

டிஎல்சியின் கதை இன்னும் வருத்தமானது. அதன் வேர் 1972-இல், நாசாவும் அமெரிக்க அரசின் சுகாதார, கல்வித் துறையும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகப் பாடம் கொண்டுபோவதுதான் நோக்கம். 1991-இல் டிஸ்கவரி வாங்கியது. அந்த மூன்று எழுத்தில் 'எல்' என்பது 'லேர்னிங்' என்று இன்று அதைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹிஸ்டரி சேனல் 1995-இல் வந்தது. ஆரம்பத்தில் இரண்டாம் உலகப் போர் படங்கள் அவ்வளவு வந்ததால் 'ஹிட்லர் சேனல்' என்றே கேலி செய்தார்கள். பிறகு ரியாலிட்டி ஷோக்கள் வந்தன: 2007-இல் பனிச்சாலை லாரி ஓட்டுநர்களைப் பற்றி, 2009-இல் ஒரு லாஸ் வேகாஸ் அடகுக்கடையைப் பற்றி. ஆவணக்காப்பகத்தில் பழைய ஃபிலிமைத் தேடி, உரிமம் வாங்கி, அறிஞர்களைப் பேசவைத்து ஒரு படம் செய்வதைவிட, ஒரே கடையில் கேமராவை வைப்பது சுலபம். எந்த எபிசோடையும் எந்த வரிசையிலும் மறுபடி போடலாம். அடகுக்கடையை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், அதிலாவது பழைய பொருள் ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை உண்மையாக வரும்.

பழங்காலக் கட்டடங்களுக்குப் பின்னால் வேற்றுக்கிரகவாசிகள் இருந்திருக்கலாம் என்று அதே சேனலில் வரும் நிகழ்ச்சியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவன். 1010-இல் முடிந்த அந்தக் கோயிலின் சுவரில், நானூறு ஆடல் மகளிரின் பெயரைக்கூட, யாருக்கு எந்த வீடு என்பதோடு ராஜராஜன் வெட்டிவைத்திருக்கிறான். மனிதன் செய்ததற்கு மனிதனே எழுதிவைத்த சாட்சி அது. வரலாறு என்ற பெயர்ப் பலகையின் கீழ் இன்னொரு நாட்டு மனிதர்களின் உழைப்பைச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. இந்த முடிவுகள் அமெரிக்கப் பார்வையாளர் கணக்கை வைத்து எடுக்கப்படுகின்றன. அதே நிகழ்ச்சிகள்தான் கப்பலேறி இங்கே வருகின்றன. சாட்ஸ்வொர்த்தில் டிவிக்கு முன்னால் காத்திருக்கும் எழுபது வயது மனிதர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்கிறோம்? பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-இல் தன் பழைய செய்திப்படங்கள் சுமார் 85,000-ஐ யூடியூபில் ஏற்றியது. சனிக்கிழமை மாலை லேப்டாப்பை மாமா டிவியில் இணைத்து, பாலைவனப் போர்க் காட்சிகளை ஒவ்வொன்றாகப் போடுகிறேன். இரண்டு, மூன்று நிமிடத் துண்டுகள்தான். லாரி வந்தால் கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன். எழுந்து போய் ஹாலில் இருக்கும் போட்டோவைக் கழற்றி எடுத்துவந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். இதுவரை கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு துண்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன்.